அயலான் கோலும் தமிழன் அகமும்

தமிழிளைஞருள் ஒரு சாரார், தம் பெயர்க்குப் பின்னே பட்டம் எழுதுவதுபோல், நான்கு ஆங்கில எழுத்துகளை எழுதிக்கொள்ளத் தொடங்கியுள்ளனர். 'நான் ஐ.என்.எஃப்.பி.' என்பான் ஒருவன். 'நான் இ.என்.டி.பி.' என்பாள் ஒருத்தி. எழுத்து ஒத்தால் நட்பு, ஒவ்வாவிடில் விலக்கு என்று கொள்வாரும் உளர். அத்தோடும் அவர்கள் அமைவதில்லை. இணையத்தில் இன்னொரு வினாப்பட்டியைத் திறந்து, அரசியலில் தாம் இடமா வலமா என்று கேட்டறிகின்றனர். வேறொன்றைத் திறந்து, தம் சமயம் எதுவென்று கேட்டறிகின்றனர். பின்னர் அம்மூன்று முடிவுகளையும் அருகருகே வைத்து, 'உனக்கென்ன வந்தது, எனக்கென்ன வந்தது' என்று ஒப்பிட்டு, 'இதுவே நான்' எனக் களிகூர்கின்றனர். பெற்ற தாயும் வளர்த்த ஊரும் கற்ற நூலும் சொல்லாத ஒன்றைக் கடல்கடந்த கணினி அரை நாழிகையில் சொல்லிவிட்டதாம்!

விளையாட்டிற்குச் செய்வதை இத்துணைப் பெரிதாக்குவானேன் என்பார் சிலர். விளையாட்டாயின் விளையாட்டாகவே இருக்கட்டும். நமக்கு அதில் வழக்கில்லை. ஆனால் முடிவைக் கண்டு, 'நான் இன்னவன்' என்று ஒருவன் நம்பத் தொடங்கும் அந்நொடியே அது விளையாட்டென்னும் நிலையைக் கடந்துவிடுகின்றது. துணிக்கடையில் நான்கு முழம் வாங்கும்போதும் கடைக்காரனின் கோலைத் திருப்பிப் பார்க்கின்ற நாம், நம் அகத்தை அளக்க வந்த கோல் எவன் செய்தது, எதற்காகச் செய்தது, எந்த மரத்தில் வெட்டியது என்று ஒருமுறையேனும் பார்த்தோமா?

முதலில் அரசியற் கோலைப் பார்ப்போம். 'அரசியல் திசைகாட்டி' என்னும் பொருள்படும் பெயருடைய வினாப்பட்டி 2001ஆம் ஆண்டில் இணையத்தில் ஏறியது. அதன் பிறப்பிடம் பிரித்தானியா. அதில் 62 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் நான்கே விடைகள்: வன்மையாக உடன்படுகின்றேன், உடன்படுகின்றேன், மறுக்கின்றேன், வன்மையாக மறுக்கின்றேன். இடையில் நிற்க இடமில்லை. 'நீ கேட்பதே பிழை' என்று சொல்ல அறவே இடமில்லை. முடிவில் ஒரு சதுரத்தின்மேல் ஒரு புள்ளி விழும். கிடைக்கோட்டில் பொருளியல் இடம், வலம். நெடுங்கோட்டில் மேலே அடக்குமுறை, கீழே தன்னுரிமை. அப்புள்ளியே நீ!

இடம், வலம் என்பதாவது என்ன? 1789ஆம் ஆண்டு பிரெஞ்சு மன்றத்தில் மன்னன் பக்கத்தார் தலைவர் இருக்கைக்கு வலப்புறமும், எதிர்த்தோர் இடப்புறமும் அமர்ந்ததில் பிறந்த பாகுபாடு அது. ஒரு நாட்டின் ஒரு மண்டபத்தில் நாற்காலி போட்ட முறை, இன்று மாந்தர் அனைவர்க்கும் அளவுகோலாகிவிட்டது. அது போகட்டும், வினாக்களைப் பாருங்கள். 'சரியாயினும் தவறாயினும் நான் எப்போதும் என் நாட்டின் பக்கமே நிற்பேன்' என்பது அக்கூற்றுகளுள் ஒன்று. இலண்டனில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயனுக்கு 'என் நாடு' என்னும் சொல்லில் ஐயமே எழாது. 1983 ஆடியில் கொழும்பில் தன் வீடு எரியக் கண்டு, உயிர்தப்பி அயல்நாடு புகுந்த ஈழத்தமிழன் இதற்கு என்ன விடை சொல்வான்? எது அவன் நாடு? எரித்தவன் ஆட்சி செய்யும் நாடா, எரிக்கப்பட்டவன் பிறந்த நாடா, அடைக்கலம் தந்த நாடா? அவன் 'வன்மையாக மறுக்கின்றேன்' என்று தட்டுவான். தன் அரசு தொடுத்த அயல்நாட்டுப் போரை வெறுக்கும் ஆங்கிலேய மாணவனும் அதையே தட்டுவான். இருவர் விடைக்கும் கிடைப்பது ஒரே எண். ஒருவன் தன் அரசின் மிகை கண்டு நாணுகிறான். மற்றவனுக்கோ அரசே இல்லை! இவ்விருவரும் அரசியலில் ஒத்தவராம்.

இன்னொரு கூற்று: பிறந்த நாட்டை எவரும் தேர்ந்து பிறப்பதில்லை, ஆதலால் அதனை எண்ணிப் பெருமை கொள்வது மடமை. இது உலகை ஆண்டவன் வாயிலிருந்து வரவேண்டிய சொல். அவனுக்குத் தேவையான மருந்தும் ஆகும். தாய்மொழியைப் பள்ளியில் பேசியதற்குத் தண்டம் கட்டிய பிள்ளையிடம் போய், 'பெருமை கொள்ளாதே' என்பது மருந்தாகுமா? ஆள்வோன் செருக்கையும் ஆளப்படுவோன் மானத்தையும் வேறுபடுத்திக் காட்ட அந்த நான்கு விடைகளில் வழியே இல்லை. அவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் கோல், நம்மைப் பொறுத்தவரை, முரிந்த கோலே. மேலும், 62 கூற்றுகளுள் மொழியுரிமை பற்றியது ஒன்றுமில்லை. சாதி பற்றியது ஒன்றுமில்லை. தமிழ்நாட்டின் அரசியலில் இவ்விரண்டையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன?

இதனினும் சிறியது அமெரிக்கக் கோல். தேவிட்டு நோலன் என்பார் 1969இல் ஒரு வரைபடம் வகுத்தார்; பொருளியல் விடுதலை ஒரு பக்கம், தனிவாழ்வு விடுதலை மறுபக்கம். அதை வைத்து மார்சல் பிரிட்சு என்பார் 1987இல் பத்தே வினாக்கள் கொண்ட அட்டையொன்றை அச்சிட்டார். உடன்பட்டால் 20 மதிப்பெண், ஐயமெனில் 10, மறுத்தால் சுழி. வரியையும் அரசின் செலவையும் பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைக்கவேண்டும் என்பது அவ்வினாக்களுள் ஒன்றாக நெடுங்காலம் இருந்தது. அரசு ஒதுங்கவேண்டும் என்னும் கொள்கையுடையார் தம் கொள்கைக்கு ஆள்சேர்க்கச் செய்த கருவி அது. அதை அவர்கள் மறைத்ததுமில்லை. நண்பகலில் பள்ளியில் இட்ட சோற்றாலும் பங்கீட்டுக் கடை அரிசியாலும் வளர்ந்து பட்டம் பெற்ற நம் பிள்ளை, அவ்வினாவிற்கு 'மறுக்கின்றேன்' என்றால், 'அரசுக்கு அடிமைப்பட்ட கொள்கையன்' என்னும் மூலையை நோக்கித் தள்ளப்படுகிறான். அவன் உண்ட சோறு அந்த வரைபடத்தில் ஒரு குற்றம்!

வினாப்பட்டி என்பதே தீது என்று நாம் சொல்லவில்லை என்க. நெதர்லாந்தில் 1989 முதல், செருமனியில் 2002 முதல், தேர்தலுக்கு முன் கட்சிகளின் கொள்கையும் தன் கொள்கையும் எவ்வளவு பொருந்துகின்றன என்று குடிமகன் ஒப்பிட்டறியும் பட்டிகள் உள்ளன. செருமானியப் பட்டியில் 38 கூற்றுகள். அவை அந்நாட்டிற்கே, அத்தேர்தலுக்கே, அம்மொழியிலேயே எழுதப்பட்டவை. கட்சிகள் தாமே விடையளித்து ஒப்பமிடுகின்றன. 2021 தேர்தலில் 2 கோடி முறைக்கும் மேல் அது பயன்படுத்தப்பட்டது. அங்கும் பிழை நேர்ந்தது. ஒரே வேளையில் எட்டுக் கட்சிகளோடு மட்டுமே ஒப்பிடலாம் என்றிருந்ததால் சிறு கட்சிகள் மறைக்கப்படுகின்றன என்று ஒரு சிறு கட்சி வழக்காட, 2019 மே மாதம் கொலோன் நகர வழக்குமன்றம் அப்பட்டியையே நிறுத்திவைத்தது. பார்த்தீர்களா! எத்தனைக் கட்சியை ஒப்பிடலாம் என்னும் ஒரு சிறு வரம்பு கூட மக்களின் எண்ணத்தைச் சாய்க்கும் என்று தம் கோலைத் தாமே வழக்குமன்றத்தில் நிறுத்துகின்றான் செருமானியன். நாமோ அயலான் கோலைக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றோம்.

இனிச் சமயக் கோல். 1999இன் இறுதியில் தொடங்கிய பிலீப்நெட்டு என்னும் அமெரிக்க இணையத்தளம் ஒரு வினாப்பட்டியை வெளியிட்டது. இருபது வினாக்கள். கடவுள் எத்தனை, எத்தன்மையர்? உலகு எவ்வாறு தோன்றியது? இறந்தபின் யாது? இவற்றிற்கு விடைகொடுத்தால், 27 சமயங்களை வரிசையிட்டு, எது உனக்கு நூற்றுக்கு எத்தனை பொருந்தும் என்று சொல்லும். அந்த 27இன் பட்டியலைச் சற்று எண்ணிப் பார்த்தேன். கிறித்துவத்திலிருந்து கிளைத்தவை மட்டும் பத்து: கத்தோலிக்கம், கீழைத் திருச்சபை, சீர்திருத்தத்தாருள் தளர்ந்தோர், இறுகியோர், மார்மன் கூட்டத்தார், யெகோவாவின் சான்றுகள், ஏழாம் நாள் வருகையினர் என்று நீள்கிறது. உலகிலே சில நூறாயிரவர் மட்டுமே உள்ள குவேக்கர்க்கு இரண்டு இடங்கள்! கோடிக்கணக்கானோர் பின்பற்றும் இசுலாத்திற்கு ஒன்று. சன்னி, சியா என்னும் வேறுபாடும் இல்லை. இந்து என்பதற்கு ஒன்று.

தேவாரம் ஓதும் குடியிற் பிறந்த மாணவன் ஒருவன் அதில் விடையிறுப்பதாகக் கொள்வோம். இறை, உயிர், தளை என்று மூன்று கூறி, மூன்றும் தொடக்கமில்லாதவை என்று பயின்றவன் அவன். முடிவில் அவனுக்கு மேலே எது வருமோ அறியோம், சைவம் வாராது. ஏனெனில் அது பட்டியலிலேயே இல்லை. ஆழ்வார் பாடலில் தோய்ந்தவனுக்கு மாலியம் வாராது. அருட்பெருஞ்சோதி என்பானுக்கு வள்ளலார் வாரார். ஊரெல்லையில் நிற்கும் ஐயனார்க்குப் பொங்கலிட்டு வந்தவனுக்கு ஐயனாரும் வாரார். பாசுடன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 1961இல் இரு சபைகள் இணைந்து உருவான யூனிட்டேரியக் கூட்டம் அப்பட்டியலில் உண்டு. ஈராயிரம் ஆண்டாய் இம்மண்ணில் நின்ற முருகனுக்கு இடமில்லை. இறைமறுப்பாளன் மட்டும் என்ன வாழ்ந்தான்? சாதியை ஒழிக்கவே கடவுளை மறுத்தவனும், ஆய்வுக்கூடத்தில் கடவுளைக் காணவில்லை என்று மறுத்தவனும் அங்கே ஒரே பெட்டியில் கிடக்கின்றனர்.

அமெரிக்கன் அறியாமல் செய்தான் என்று பொறுக்கலாம். நம்மை ஆளும் சட்டம் மட்டும் வேறா? இசுலாமியர், கிறித்தவர், பார்சியர், யூதர் அல்லாதாரையெல்லாம் ஒரே பெயரால் அடைத்தது 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம். அதில் புத்தரும் அடக்கம், சமணரும் அடக்கம், சீக்கியரும் அடக்கம். இந்து என்னும் ஒரே பெட்டி கணினியிலும் உண்டு.

ஆளுமைக் கோலுக்கு வருவோம். நான்கெழுத்து வகைப்பாட்டை ஆக்கியோர் கேதரின் பிரிக்சு என்னும் அன்னையும் இசபெல் மையர்சு என்னும் அவர் மகளும் ஆவர். யுங் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் 1921இல் எழுதிய நூலைப் படித்து, அதில் தம் கருத்தையும் கூட்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவ்வினாப்பட்டியை அவர்கள் புனைந்தனர். இருவரும் உளவியலில் முறையாகப் பயின்றவரல்லர். மகளார் துப்பறியும் புதினம் எழுதிப் பரிசு பெற்றவர். பயிலாதார் செய்தது என்பதற்காகவே ஒன்று பொய்யாகிவிடாது. நம் சித்த மருத்துவர் எல்லாரும் பட்டம் பெற்றா மருந்தரைத்தனர்? குறை வேறிடத்தில் உள்ளது. உயரத்தை அளந்து, ஐந்தரை அடிக்கு மேற்பட்டார் 'நெடியர்', கீழ்ப்பட்டார் 'குறியர்' என்று ஊரை இரண்டாகப் பிளந்தால், அவ்வெல்லையில் அரை விரற்கடை வேறுபட்டு நிற்கும் இருவர் வெவ்வேறு இனத்தாராகின்றனர். ஆறடியானும் ஐந்தடி ஏழு விரற்கடையானும் ஒரே இனத்தாராகின்றனர். இவ்வாறு நான்கு முறை பிளந்து பதினாறு கூடைகளில் மாந்தரைக் கொட்டுகின்றது அவ்வினாப்பட்டி. எல்லையருகே நிற்போர் மிகப் பலர் ஆகலின், சில கிழமை கழித்து மீண்டும் எழுதுவோருள் பெரும்பகுதியினர்க்கு ஓரெழுத்தேனும் மாறிவிடுகின்றது. இதனை உளவியலாரே எடுத்துக்காட்டியுள்ளனர். ஐந்து கிழமையில் மாறுவது அகமா, கூடையா?

பின் ஏன் எல்லாரும் 'எனக்கு அப்படியே பொருந்துகின்றது' என்று வியக்கின்றனர்? 1948இல் பெர்திராம் போரர் என்னும் அமெரிக்க ஆசிரியர் தம் மாணவர் 39 பேர்க்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். சில நாள் கழித்து ஒவ்வொருவர்க்கும் அவரவர் பெயரிட்ட முடிவைத் தந்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகு உண்மையைச் சொன்னார்: எல்லார்க்கும் தந்தது ஒரே தாள், அதிலுள்ள தொடர்களைக் கடைத்தெருவில் வாங்கிய கோள்நூல் ஒன்றிலிருந்து பொறுக்கியிருந்தார்! தெருவோரத்தில் கிளியை வைத்துக் குறிசொல்வானைக் கண்டு நகைக்கும் பட்டதாரி, கணினி எடுத்துத் தரும் சீட்டைக் கண்டு கண்கலங்குகிறான். கிளியாவது ஒரு நெல்லோடு நிறைவுறும்.

கணினிக்குப் பின்னிருப்பான் நெல்லோடு நிற்பவனல்லன். 2013இல் கேம்பிரிட்சு ஆய்வாளர் சிலர், முகநூலில் 58,000 தன்னார்வலர் எவற்றை 'விரும்பினர்' என்ற குறிப்புகளைக் கொண்டே, அவர் எக்கட்சியர் என்பதை நூற்றுக்கு 85 முறையும், கிறித்தவரா இசுலாமியரா என்பதை 82 முறையும் சரியாகப் பிரித்துணர முடிவதாக வெளியிட்டனர். அரசியல், சமயம், ஆளுமை என நம் பிள்ளைகள் அருகருகே வைத்து ஒப்பிடும் மூன்றையும் அவர்களுக்கு முன்பே ஒப்பிட்டு முடித்தவர் உளர் என்பது இதனால் விளங்கும். அடுத்து, கோகன் என்னும் கேம்பிரிட்சு விரிவுரையாளர் முகநூலில் ஓர் ஆளுமை வினாப்பட்டியை இட்டார். எழுதியவர் ஏறத்தாழ 2,70,000 பேர். அவர்தம் நண்பர் குறிப்புகளையும் சேர்த்து வாரியதில் 8.7 கோடிப் பேர் வரை அகப்பட்டனர். அது கேம்பிரிட்சு அனலிட்டிக்கா என்னும் தேர்தல் வணிகரிடம் போய்ச் சேர்ந்தது. 2018 மார்ச்சில் குட்டு வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் அக்கடை மூடப்பட்டது. 2019இல் முகநூலுக்கு அமெரிக்க அரசு 500 கோடி தாலர் தண்டம் விதித்தது. ஒப்போலைகளை அந்த வித்தை உண்மையில் திருப்பியதா என்பதில் ஆய்வாளர்க்கு ஐயமுண்டு. திருட்டில் ஐயமில்லை.

இந்தியாவில் அவ்வினாப்பட்டியை நிறுவியவர் 335 பேர் என்றும், அவர்களால் அகப்பட்டிருக்கக் கூடியவர் மொத்தம் 5,62,455 பேர் என்றும் முகநூல் நிறுவனமே சொல்லியது. ஒருவன் விளையாட, ஏறத்தாழ 1,680 பேர் அகப்படுகின்றனர். 'என் அகத்தை நான் காட்டுகிறேன், உனக்கென்ன?' என்பானுக்கு இந்த எண்ணே விடை. அவன் காட்டியது அவன் அகத்தை மட்டுமன்று. தன் அண்ணன், தங்கை, வகுப்புத் தோழன், இயக்கத் தோழன் அனைவரின் அகத்தையும்.

இத்தனைக்கும் பிறகு, 'அறிவியல் முறைப்படி செய்த ஆளுமைக் கோல் உலகில் இல்லையா?' என்று கேட்கலாம். உண்டு. ஐங்கூற்றுக் கோல் என்று இன்று உளவியலார் மதிப்பது அது. அது பிறந்த கதை தமிழர் ஒவ்வொருவரும் அறியவேண்டுவது. மாந்தர் பண்பில் உள்ள முதன்மையான வேறுபாடுகள் எல்லாம் அவர்தம் மொழியில் சொல்லாகிப் படிந்திருக்கும் என்பது அதன் அடிப்படை. 1884இலேயே கால்டன் என்னும் ஆங்கிலேயர் சொற்களஞ்சியம் ஒன்றைப் புரட்டிப் பண்புச் சொற்கள் ஆயிரம் இருக்கும் என மதிப்பிட்டார். 1936இல் ஆல்போர்ட்டு, ஓட்பெர்ட்டு என்னும் இருவர் வெபுசுடர் அகரமுதலியை முழுதும் சலித்து 17,953 சொற்களை எடுத்தனர். அவற்றுள் நிலைத்த இயல்பைக் குறிப்பன ஏறத்தாழ 4,500 என்றனர். பின்வந்தோர் அவற்றைத் தொகுத்தும் சுருக்கியும் கணக்கிட்டும் ஐந்து கூறுகளாக வடித்தனர். அறிவியலின் ஊற்று எது? அகரமுதலி! மொழியே அகத்தின் வரைபடம் என்று நாம் சொன்னால் 'மொழிவெறி' என்பார், அதையே அமெரிக்கன் செய்து காட்டினால் 'உளவியல்' என்கின்றார்.

அது ஆங்கில அகரமுதலி என்பதை மறவாதீர். கொரியம், செருமானியம், பிரெஞ்சு, இத்தாலியம், டச்சு, அங்கேரியம், போலந்தியம் ஆகிய மொழிகளின் சொற்களைச் சலித்தபோது ஐந்தோடு ஆறாவது கூறொன்று தெளிவாக நின்றது. நேர்மையும் அடக்கமும் கலந்தது அது. 2004இல் அதனை வெளியிட்டனர். சீனர் தமக்கெனச் செய்த கோலில், உறவு பேணலும் முகம் காத்தலும் தனிக்கூறாக எழுந்தன. பொலிவியக் காட்டில் வாழும் சிமானே மக்களிடம் ஐங்கூற்றுக் கோலைக் கொண்டு சென்றபோது அவ்வைந்தும் அப்படியே தேறவில்லை. அதனை 2013இல் ஆய்வாளரே ஒப்பினர். கொரியனும் சீனனும் தம் சொல்லைத் தாமே சலித்துக்கொண்டனர்.

அமெரிக்கர் வெபுசுடரைச் சலித்து முடித்த அதே 1936இல்தான் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகரமுதலியின் ஆறாம் மடலமும் நிறைவுற்றது. அதன் பிழைகளைப் பாவாணர் எடுத்துக்காட்டியதை இவ்விதழின் அன்பர் அறிவர். அவர்தம் தலைமையில் 1974இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலி 2011இல் 31 பகுதிகளாக நிறைவுற்றுள்ளது. ஆகவே சலிப்பதற்குக் களஞ்சியம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆங்கில வினாப்பட்டியைத் தமிழில் பெயர்த்து மாணவரிடம் நிரப்பி வாங்குவது ஆய்வு ஆகாது. அது அயலான் கோலுக்குத் தமிழ் வண்ணம் பூசுதல்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென்றார். ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன் வகுத்தார். பெருமிதம் என்பது கல்வியாலும் அஞ்சாமையாலும் புகழாலும் கொடையாலும் வருவது. கொடையால் வரும் பெருமிதத்தை ஆங்கிலத்தின் எந்தப் பெட்டியில் இடுவீர்? ஒப்புரவு என்னும் சொல்லுக்கு நேர் எது? நாணம் அச்சமா, அடக்கமா, இரண்டுமல்லாத மூன்றாவதா? கண்ணோட்டம் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அதை இன்று 'பார்வை' என்னும் பொருளில் செய்தித்தாளில் எழுதித் தேய்த்துவிட்டோம். அருளால் நெகிழ்வது என்னும் அதன் பொருள் நம் மாணவர்க்கே தெரியாது. சான்றாண்மை, தாளாண்மை, இவறன்மை, அழுக்காறு, கரவு, வீறு, வீம்பு, நொய்ம்மை, மானம், இவை ஏட்டிலுள்ளவை. வட்டார வழக்கில் இன்னும் எழுதப்படாதவை எத்தனை! எங்கள் பக்கத்தில் 'ஒட்டாதவன்' என்பதும் 'ஒட்டிக்கொள்ளாதவன்' என்பதும் வேறு வேறு ஆள்கள்.

உளவியல் பயிலும் தமிழ் மாணவர் பத்துப்பேர் ஒன்றுகூடுக. 31 பகுதிகளையும் ஆளுக்கு ஏறத்தாழ மூன்றாகப் பகுத்துக்கொள்க. மாந்தர் இயல்பைச் சுட்டும் சொல் ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதுக. வட்டாரச் சொற்களை ஊர்தோறும் முதியோரிடம் கேட்டுச் சேர்க்க இவ்விதழின் அன்பர்கள் துணைநிற்பர். அச்சீட்டுகளைக் கணினியிலிட்டு எத்தனைக் கூறு தேறுகிறதென்று பார்ப்போம். ஐந்தோ, ஆறோ, எட்டோ, எது வரினும் அதனை அச்சிட்டு வெளியிடுவோம்.